ஸ்பூன் சார் தேடிய கசப்பு

டெல்லியின் மே மாத வெயிலுக்கும் ஜனவரிக் குளிருக்கும் அசைந்து கொடுக்காத சரோஜினி நகர்த் தமிழர்கள் பயந்து ஓடியது ஒரே ஒரு மனிதருக்குத்தான். எழுபதுகளில் எல்லோரும் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தார்கள். அவர் ஸ்பூன் வைத்திருந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில். பெற்றோர் வைத்த பெயர் எதுவோ, எங்களுக்கு அவர் ஸ்பூன் சார்.

திருநெல்வேலிக்காரர். மனைவிக்கு மத்திய சர்க்கார் வேலை. குவார்ட்டர்ஸ் அந்த அம்மாள் பெயரில். இவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். மலேரியா மாத்திரையின் கசப்பை மறைத்து, குழந்தைகள் துப்பாமல் குடிக்கும் சிரப்பாக மாற்றுவது அவர் பொறுப்பு. ஆபீசில் முடித்துக்கொள்ள வேண்டிய வேலையை அவர் எங்கள் நாக்குக்குக் கொண்டுவந்தார்.

"பயப்படாதிய. மருந்து கலக்கல. பாகற்காய்ச் சாறுதான். வாயைத் தொறங்க!"

எதிர்வீட்டு சர்தார்ஜி ஒரு ஸ்பூன் விழுங்கிவிட்டு, "பஹுத் படியா!" என்று ஓஹோவென்று புகழ்ந்தார். உள்ளே போய் ஒரு சொம்பு லஸ்ஸியால் வாயைக் கழுவினார். என் கணவர் "ஏ ஒன் சார்!" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கக் காப்பியும் கசக்கிறது என்றார். ஸ்பூன் சார் பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பு காலனிப் பொங்கல் விழா வரைதான். பூங்காவில் என் மூன்று வயது மகள் விஜியிடம் ஸ்பூனை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். யோசித்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையின்மேல் புளிச்சென்று துப்பினாள்.

நான் பதறிப்போய் முந்தானையால் துடைக்க ஓடினால், மனிதர் குதிக்கிறார்!

"துடைக்காதிய! இத்தனை நாளா பெரியவங்க மரியாதைக்குப் பொய் சொல்லியிருக்காங்க. இவதான் துப்புதா. துப்பு கெடச்சிட்டு!"

அதன்பின் பெரியவர்கள் தப்பித்தோம். குழந்தைகளுக்கு ஆரஞ்சு வந்தது, அன்னாசி வந்தது, ரோஜா வந்தது. சட்டைகள் பல நிறம் கண்டன. "இவர் சட்டையைத் துவைக்கிற தண்ணியே சர்பத்தா இருக்கு" என்றார் அவர் மனைவி. கடைசியில் மாம்பழ வாசனை ஜெயித்தது. குழந்தைகள் இன்னொரு ஸ்பூன் கேட்டார்கள். மேனேஜர் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாராம்.

ஒருநாள் எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பாட்டிலை விஜி முழுக்கக் குடித்துவிட்டாள். வெறும் மாம்பழமும் பாகற்காயும்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டிலைத் தேடி வந்த ஸ்பூன் சாரின் முகம் வெளுத்துவிட்டது.

"நெஜ மருந்தா இருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

மறுநாளே ஆபீசுக்குப் போய்ச் சுவையைக் குறைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். மேனேஜர், "இனிப்பா பண்ணச் சொன்னா கசப்பைச் சேர்க்கறேங்கறீரே, பைத்தியமா?" என்று கத்தியிருக்கிறார். இவர் அசையவில்லை. "புள்ளை மொகம் சுளிக்கணும். ஆனா முழுங்கணும். திருடிக் குடிக்கக் கூடாது." பாட்டிலுக்கு, குழந்தைக் கைக்குத் திறக்காத மூடி வேண்டும் என்றும் மல்லுக்கு நின்று வாங்கிவிட்டார்.

சோதனைகளெல்லாம் முடிந்து சிரப் கடைக்கு வந்தபோது விஜிக்கு ஐந்து வயது. அந்த மழைக்காலத்தில் காலனி முழுக்க மலேரியா. விஜிக்கும் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடும் நடுக்கம். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால், அப்படியே வாந்தி. டாக்டர் அந்தப் புது சிரப்பை எழுதிக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்து ஸ்பூன் சார் ஓடிவந்தார். பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே குடுங்கம்மா. என்னயக் கண்டா அவளுக்குத் துப்பத்தான் தோணும்."

கொடுத்தேன். விஜி முகத்தைச் சுளித்தாள். முழுங்கினாள்.

"கட்வா ஹை, அங்கிள். கசக்குது."

"ரொம்பவா, கொஞ்சமா?"

"தோடா. கொஞ்சம்தான்."

வாந்தி வருமோ என்று காத்திருந்தோம். வரவில்லை. அவள் தூங்கிப்போனாள். சாயங்காலம் நெற்றி வியர்த்து, காய்ச்சல் இறங்கியது. அதுவரை அந்த மனிதர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், சத்தமில்லாமல் அழுதார்.

ஸ்பூன் சாருக்குக் குழந்தை இல்லை என்று காலனியில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை.