போண்டாவுக்குப் பகை சுண்டலக்கா

விருத்தாசலத்தில் சுண்டலக்காவின் கண்ணில் படாமல் ஒரு போண்டாவை முழுதாகத் தின்று முடித்த பெண் கிடையாது. மிகை என்று தோன்றினால் திருத்திக்கொள்கிறேன்: எங்கள் பீங்கான் கம்பெனியில் கிடையாது.

மேனேஜரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. காய்ந்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சீராக்கும் பெண்களுக்கு அக்காதான் மேஸ்திரி. நான் ஆபீஸில் இருந்தேன். அக்காவின் உறவில் ஒருத்தி மார்பில் புற்றுநோய் வந்து இறந்துபோனதிலிருந்து, எங்கள் அத்தனை பேருடைய மார்புக்கும் அவரே பொறுப்பு என்று தீர்மானித்துக்கொண்டார்.

பாலக்கரையிலேயே எங்களைப் பஸ்ஸை விட்டு இறக்கிக் கம்பெனி வரை நடக்க வைப்பார். ஆட்டோ பக்கம் தலை திரும்பினால் தொலைந்தோம்.

"மாரு நல்லாருக்கணும்னா காலு நடக்கணும்டி!"

நடுரோட்டில் இதைக் கேட்ட ஆண்கள் சைக்கிளோடு சந்துக்குள் பாய்வார்கள். மேனேஜர் ஒருமுறை கெஞ்சினார்.

"அக்கா, அந்த வார்த்தைய கொஞ்சம் மெதுவா சொல்லுங்களேன்."

"ஏன் சார், நீங்க என்ன பிஸ்கோத்து தின்னா வளந்தீங்க?"

அந்தச் சூட்டோடு மேனேஜருடைய ஃபேன் ரூமையும் அக்கா பிடுங்கி, கைக்குழந்தைக்காரி ஸ்டெல்லா பால் கொடுக்கும் இடமாக்கிவிட்டார். "புள்ளைக்கும் நல்லது, ஒனக்கும் நல்லதுடி" என்று கதவுக்கு வெளியே காவல் நின்றார்.

டீ நேரத்தில், எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று எங்கள் போண்டாக்களைப் பிடுங்கிக் கம்பெனி நாய்க்குப் போடுவார். எங்களுக்கு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொண்டைக்கடலைச் சுண்டல். நாய் பருத்து, குரைக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் போனது. மறுநாளிலிருந்து பாலக்கரை நடையில் எங்களோடு அதுவும் வந்தது.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் ஒரு நாள் ஸ்டெல்லா, வேண்டுமென்றே, அவரைச் சீண்டிப் பார்க்க, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு போண்டா தின்றாள். அக்கா பார்த்தார். பிடுங்கவில்லை.

அக்காவை ஃபேன் ரூமுக்குள் இழுத்துப்போய் என்னவென்று கேட்டோம்.

"எடது பக்கம் ஒரு கட்டி இருக்குது" என்றார் அக்கா. "கடலை சைசு."

"எப்போலேருந்துக்கா?"

"பொங்கலுக்கு முன்னாடிலேருந்து. பயப்படாதீங்கடி, இத்தன நட நடந்தவளுக்கு அதெல்லாம் வராது. ரெண்டு பங்கு நடக்கறேன், கரைஞ்சிடும்."

அப்போது பங்குனி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினோம், அழுதோம், ஸ்டெல்லா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அக்கா அசையவில்லை. கடைசியில் ஸ்டெல்லாதான் வழி கண்டுபிடித்தாள். டீக்கடையிலிருந்து ஒரு கூடை போண்டா வந்தது. எல்லோரும் அக்காவுக்கு எதிரே வரிசையாக நின்று ஆளுக்கொன்று கடித்தோம்.

"நீங்க ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் தெனமும் இதாங்க்கா."

"துப்புங்கடி!"

"நாளைக்கு பஜ்ஜி" என்றாள் ஸ்டெல்லா, வாய் நிறைய.

"அடிப்பாவிங்களா, நடந்ததெல்லாம் பாழாப் போவுதே! நிறுத்துங்கடி, வந்து தொலையறேன்!"

ஆஸ்பத்திரிக்கும் நடந்தே வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டியில் ஊசி குத்தித் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கம்பெனியில் யாரும் போண்டாவும் தின்னவில்லை, சுண்டலும் தின்னவில்லை. சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று வந்தது. டாக்டரம்மா மட்டும் அக்காவை விடவில்லை.

"நடக்கிறது நல்லது, சுண்டலும் நல்லது. ஆனா அதுங்களால கட்டி என்னன்னு பாத்து சொல்ல முடியாது. நடந்து கரைக்க இது என்ன தொப்பையா? தெரிஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும்."

அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் காலை கம்பெனி வாசலில் பழைய குரல் கேட்டது.

"ஏதாச்சும் கைக்குத் தட்டுப்பட்டுச்சுன்னா எங்கிட்ட வராதீங்கடி, டாக்டருகிட்ட ஓடுங்க! நடக்காதீங்க, ஆட்டோ புடிங்க!"

அக்காவின் வாயிலிருந்து ஆட்டோ என்ற சொல் வந்ததும், நாய்கூடத் தலைதூக்கிப் பார்த்தது.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது நான் போண்டா தின்றால் பிடுங்க ஆளில்லை. ஆனாலும் கடிக்கும் முன் ஒருமுறை வாசலைப் பார்க்கிறேன். வந்து பிடுங்கினால் நன்றாக இருக்கும்.