தக்கைப் பூச்சுக்குத் தகுதியான சுவர்

ஆரணியில் பட்டு நெய்யும் குப்புராஜின் வீட்டுச் சுவர் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறந்ததும் ஈரம் கசிந்து வேர்க்கத் தொடங்கும். முதலில் ஒரு சாண் உயரம், ஐப்பசியில் இடுப்பளவு, கார்த்திகையில் சாமி படம் வரை. இது தானாக நேர்ந்ததல்ல. அரசு செய்து கொடுத்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன் 'நெசவாளர் இல்ல நவீனமயத் திட்டம்' வந்தது. சுண்ணாம்பு பிற்போக்கானது என்று கண்டறியப்பட்டு, தெருச் சுவர்களெல்லாம் கொத்தப்பட்டு சிமெண்ட் பூசப்பட்டன. பக்கத்து வீட்டு பாலு மட்டும் அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போளூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். அவர் வீட்டில் பழைய சுண்ணாம்பு அப்படியே தங்கிவிட்டது. அந்தச் சுவர் வேர்ப்பதில்லை. முன்னேறத் தவறியவர் என்று தெருவில் அவர்மீது கொஞ்சம் இரக்கம் உண்டு.

சுவர் வேர்த்தால் தறியில் இருக்கும் ஜரிகை கறுக்கும். போன மழையில் இரண்டு புடவை கறுத்தன. பாவு நூலும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி நெடுஞ்செழியன் இந்த முறை வாசலில் நின்றே சொல்லிவிட்டார்:

"இன்னொரு பொடவை கறுத்துச்சுன்னா பாவ அறுத்து எடுத்துகினு போயிடுவேன். அப்புறம் தறிக்குழியில தண்ணி ஊத்தி மீன் வளத்துக்கோ."

இந்த நேரத்தில்தான் சிமெண்ட் பூசிக் கொடுத்த அரசு அலுவலகத்தில் புதிய பலகை மாட்டினார்கள்: 'பழங்கட்டட இயற்கை வெப்பத்தடுப்புப் பூச்சுப் பிரிவு'. குப்புராஜ் மனுவோடு போனார். உதவிப் பொறியாளர் சூர்யகலா பொறுமையாக விளக்கினார். சுண்ணாம்போடு தக்கைத் தூளைக் கலந்து பூசுவது. வெயிலைத் தடுக்கும். சுவரில் உள்ள ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும்.

"தக்கைன்னா, பாட்டில் மூடுற தக்கையாங்க?"

"ஆமா. மரப்பட்டை. முழுக்க இயற்கை."

"எங்க வெளையுதுங்க?"

"கப்பல்ல வருது."

மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பழைய கட்டடங்களுக்கான திட்டம். உங்களுது புதுசு."

"எங்க தாத்தா கட்னதுங்க!"

"பூச்சுத் தேதிதான் கட்டடத்தோட தேதி. அம்பது வருஷச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கணும்."

"அதத்தானே பேத்துப் போட்டீங்க?"

"நான் இல்லை. அது அடுத்த ரூம். தருமன் சார்."

அடுத்த அறையில் சிமெண்ட் திட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் ஆணை அனுப்பவில்லை.

"பாலு வீட்ல சுண்ணாம்பு கீதுங்க. அதுக்காவது குடுப்பீங்களா?"

"சுவர் ஈரமா இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் பூச்சு?"

"பேஜாரா கீதுங்களே! கெட்ட சுவத்துல சுண்ணாம்பு இல்ல. சுண்ணாம்பு கீற சுவரு கெடவே இல்ல."

"அதனாலதான் இன்னும் ஒரு பயனாளிகூடக் கிடைக்கலை" என்றார் சூர்யகலா. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

வருத்தத்தின் பேரில் நேரில் ஆய்வுக்கும் வந்தார். சிமெண்டுக்குப் பின்னால் பழைய சுண்ணாம்பு மிஞ்சியிருந்தால் வழி உண்டு என்றார். தறியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக் குப்புராஜ் ஒரு சாண் கொத்திக் காட்டினார். ஊறிப்போன சுண்ணாம்பு உதிர்ந்து விழுந்தது. சூர்யகலா எழுதிக்கொண்டார்: 'சுண்ணாம்பு இருப்பது உறுதி. தொட்டதும் உதிர்கிறது. எனவே சிமெண்ட் பூச்சு பரிந்துரைக்கப்படுகிறது.'

கோப்பு தருமன் அறைக்குப் போனது. ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் சிமெண்ட் என்று அவர் திருப்பி அனுப்பினார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. கோப்பு அதில் அமர்ந்தது.

தக்கைத் திட்டத்தில் அந்த வருஷம் ஆரணிக்கு இலக்கு இரண்டு கட்டடங்கள். முதலாவதாக அந்த அலுவலகமே தேர்வானது. கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தாலும், துறை தொடங்கி அறுபது வருஷம் ஆகிவிட்டதால் கட்டடத்தையும் பழையதாகக் கருதலாம் என்று விளக்கம் வந்தது. தக்கைப் பூச்சு பூசினார்கள். மனு கொடுக்க வருகிறவர்கள் சாய்ந்து அழுக்காக்கியதால், அதன்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார்கள். பிறகு திறப்பு விழா நடந்தது.

கார்த்திகையில் குப்புராஜின் மனைவி ஆதிலட்சுமி அவரைத் தறியண்டை கூப்பிட்டார்.

"இங்க பாருய்யா. ஜரிகையா இது? எலி வால் கணக்கா ஆயிடுச்சு."

குப்புராஜ் புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து எடுத்துக்கொண்டு நெடுஞ்செழியனிடம் போனார். அங்கே சென்னைக் கடை ஒன்றுக்குக் கொள்முதல் செய்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். நெடுஞ்செழியன் புடவையைப் பிரித்தார், திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா முந்தானையைக் கையில் வாங்கிவிட்டார்.

"இது ஆன்டிக் ஃபினிஷா? இப்ப எல்லாரும் இந்தப் பழங்காலக் கறுப்பத்தான் கேக்கறாங்க."

திறந்த வாயை நெடுஞ்செழியன் வீணாக்கவில்லை. "ஆமாங்க. ஆரணியிலயே நம்மகிட்ட மட்டும்தான் கீது."

பத்துப் புடவைக்கு ஆர்டர். அந்த அம்மா போனதும் நெடுஞ்செழியன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எப்படிப்பா செஞ்ச?"

"நான் இன்னா செஞ்சேன்? சுவரு செஞ்சுது."

மழை நின்றதும் ஆதிலட்சுமி தினமும் சுவரடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

மார்ச் கடைசியில், இலக்கில் ஒன்று குறைவதை மேலிடம் கண்டுபிடித்தது. குப்புராஜின் வீடு அவசரமாகப் பழமையடைந்தது. தக்கை மூட்டைகளோடும் இரண்டு கொத்தனார்களோடும் சூர்யகலா வந்து இறங்கினார். குப்புராஜ் நிலைப்படியில் கையை விரித்து நின்றார்.

"வேணாங்க மேடம்."

"இதுக்குத்தானே ஆறு மாசம் அலைஞ்சீங்க?"

"அப்ப சுவரு எதிரிங்க. இப்ப அதான் சோறு போடுது."

"சுவரு காஞ்சிப்போச்சுன்னா மீதிப் பொடவைக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் ஆதிலட்சுமி, இடுப்பில் குடத்தோடு.

"அனுமதி வந்ததை வேண்டாம்னு சொல்றதுக்கு ஃபாரம் கிடையாதும்மா."

இரு தரப்பும் யோசித்தன. மூட்டைகள் இறக்கப்பட்டன. அவற்றின் முன்னால் குப்புராஜ் கரண்டியோடு நின்று சிரித்தார். போட்டோ எடுத்ததும் மூட்டைகள் வண்டிக்குத் திரும்பின. சுவர் காய்ந்துவிட்டதாக அன்றே அறிக்கை போனது.

கறுத்த ஜரிகைக்குக் கிராக்கி என்ற சேதி ஊரில் பரவிவிட்டது. திங்கட்கிழமை தருமனின் சிமெண்ட் அறைக்கு வெளியே வரிசை நின்றது. முதல் ஆள் பாலு.

"என்ன குறை?" என்று தருமன் பேனாவைத் திறந்தார்.

"எங்க வீட்டுச் சுவரு வேர்க்கவே மாட்டேங்குதுங்க."

"எவ்வளவு நாளா?"

"கட்னதுலேர்ந்தே இப்படித்தாங்க."

"இத்தனை வருஷம் என்ன பண்ணிகினு இருந்தீங்க?" என்று தருமன் கடிந்துகொண்டார்.

பாலு தலையைக் குனிந்துகொண்டார்.