பழுப்புக் கம்பி இரண்டு

வரைபடக்காரர் தம் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு தலைமாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினாள். நர்ஸைக் கூப்பிடுவதற்கான பொத்தான் அது. நர்ஸ் வருவதற்குள், பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த வரைபடக்காரர் துள்ளி எழுந்தார். "இதோ வந்துட்டேன்" என்று வேறு சொன்னார்.

ஓடிவந்த நர்ஸிடம் அவள், "உங்களைக் கூப்பிடலம்மா. இவரைத்தான் கூப்பிட்டேன். பக்கத்துலயே இருந்தாலும் பெல் அடிச்சாத்தான் இவருக்கு உறைக்கும்" என்றாள். பிறகு அவரை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாள். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் ஏன் அப்படித் துள்ளி எழுந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு.

அவருக்குத் தொழில் வீட்டு வரைபடம் போடுவது. மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். இன்டர்நெட் பெட்டி கீழே கூடத்தில் இருந்தது. அதிலிருந்து சுவருக்குள்ளே ஒரு வயர் மாடிக்கு ஏறியது. இணைப்புக் கொடுக்க வந்த வயர்காரரிடமே சொல்லி, மனைவி சமையலறையில் ஒரு பொத்தானும் மாடியில் அவர் தலைக்கு மேலே ஒரு பெல்லும் வைத்துக்கொண்டாள். அவளுக்கு முட்டிவலி. மாடிப்படி ஏற ஆகாது. கீழிருந்து கூப்பிட்டாலோ, மூடிய கதவும் ஃபேன் சத்தமும் சேர்ந்து அவர் காதில் விழவிடாது. ஆகவே ஒரு தரம் அடித்தால் டீ. இரண்டு தரம் அடித்தால் சாப்பாடு. விடாமல் அடித்தால், ஆறிப்போன சாப்பாடு. அந்த பெல் எப்படி வேலை செய்கிறது என்று அவர் யோசித்ததே இல்லை. அடித்தது, இறங்கினார், தட்டு இருந்தது. அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?

நாலைந்து வருஷம் இப்படியே போயிற்று. வரைபடங்கள் பெருத்துக்கொண்டே போக, அவர் இன்டர்நெட் வேகத்தை ஆயிரம் எம்.பி.யாகக் கூட்டிக்கொண்டார். கம்பெனியும் கூட்டிவிட்டதாகச் சொன்னது. மாடியில் வயரைச் சொருகி அளந்து பார்த்தார். தொண்ணூற்று நாலு.

கீழே வந்தார். மனைவியின் செல்போனில், வயரே இல்லாமல், வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் முந்நூறு ஓடிக்கொண்டிருந்தது.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வயரைச் சரிபண்ணலேன்னா நான் என் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

"மாத்திக்குங்க. பழைய பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. புதுசு நல்லா இருந்தா சொல்லிப் பாக்கறேன்" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றிலிருந்து வீடு போர்க்களமாயிற்று. முதலில் கம்பெனிக்குப் போன் போட்டார். பேசிய பெண் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். பெட்டி கீழே, கணினி மேலே. இறங்கி அணைத்தார், ஏறி அளந்தார். தொண்ணூற்று நாலு. மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். மேஜையோரம் இருந்த குட்டி வயரை மாற்றினார், பெட்டியோரம் இருந்ததை மாற்றினார். கணினிக்குள் படிந்த தூசியை ஊதி, ஒரு மணி நேரம் தும்மினார். எண் இமைக்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் கணினியையே குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து கூடத்துப் பெட்டியில் நேரே சொருகினார். தொள்ளாயிரத்துக்கு மேல் பறந்தது.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, டாக்டர் அவரை நடக்கச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது, இந்த வாரம்தான் மருந்து வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியும் சரி, கணினியும் சரி. அப்படியானால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறான். சனிக்கிழமை மதியம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மாடிச் சுவரில் வயர் வந்து சேரும் பிளேட்டைக் கழற்றினார். உள்ளே எட்டு வண்ணக் கம்பிகள். ஆறு ஒழுங்காகத் தங்கள் இடத்தில் இருந்தன. பழுப்பு ஒன்றும் வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது ஒன்றும் மட்டும் வரிசையை விட்டு விலகி, சுவரோரமாக மேலே போயின. அவர் கண்ணும் கூடவே போயிற்று. கம்பிகள் போய்ச் சேர்ந்த இடத்தை அவர் பார்த்த அதே நேரம், அந்த இடம் இரண்டு தரம் அடித்தது.

சாப்பாடு.

இறங்கி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். "அந்த பெல்லு..."

"ஆமாங்க. வயர்ல எட்டுக் கம்பி இருக்கு, இப்ப இருக்கற வேகத்துக்கு நாலே போதும்னார் வயர்காரர். சும்மா கிடக்கறதுல ரெண்டை எனக்குக் குடுங்கன்னேன். பின்னாடி வேகம் கூட்டினா எட்டும் வேணும்னு அப்பவே சொன்னார்."

"தெரிஞ்சுகிட்டேவா ஒரு வாரமா என்னை ஏத்தி இறக்கினே?"

"கம்பெனியைக் கேட்டீங்க. பெட்டியைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே."

அவளே, கோபம் எதுவும் இல்லாமல், பெல்லை எடுத்துவிடும்படி சொன்னாள். தொழிலுக்கு வேகம் வேண்டும், பெல் என்ன பெரிய பெல் என்றாள். சாப்பிட்ட கையோடு அவர் மேலேயும் கீழேயும் பழுப்புக் கம்பிகளை அவற்றின் இடத்தில் சேர்த்தார். ஸ்க்ரூடிரைவரைக் கூடத்திலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் அளந்தார். தொள்ளாயிரத்து நாற்பது. பேர் தப்பியது.

மறுநாள் காலை, ஞாயிறென்றும் பாராமல் உட்கார்ந்து வேலை செய்தார். கனமான வரைபடங்கள் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. அவருக்கே பெருமையாக இருந்தது. தொண்டை வறண்டபோதுதான், டீக்கு பெல் அடிக்கவில்லையே என்று தோன்றியது. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வரைபடம், அப்புறம் இன்னொன்று. வயிறு கூப்பிட்டபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கதவைத் திறந்தார்.

மனைவி மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, மேலே ஆடை படிந்து.

"கூப்பிட்டுப் பாத்தேன், உங்களுக்குக் கேக்கலே. ஏறிப் பாத்தேன். மூணு படி வரைக்கும் முட்டி கூட வந்துச்சு. அப்புறம் நீயே போன்னு சொல்லிடுச்சு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

அவர் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூடத்தில் உட்காரவைத்தார். ஆறின டீயை அப்படியே குடித்தார். பிறகு எதையோ தேட ஆரம்பித்தார். கருவிப் பெட்டியைத் திறந்தார். இன்டர்நெட் பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். சோபாவுக்கு அடியில் குனிந்தார்.

"ஸ்க்ரூடிரைவர்தானே? சாப்பாட்டு மேஜையில, உங்க தட்டுக்குப் பக்கத்துல இருக்கு."

இருந்தது. கவிழ்த்துவைத்த தட்டுக்குப் பக்கத்தில், ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில்.

"எப்ப எடுத்துவெச்சே?"

"நேத்தே" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த பெல் பல வருஷம் அடித்தது. டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு இரண்டு. ஆறிப்போனதற்கு விடாமல் அடித்த நாட்களும் நிறைய உண்டு.

இப்போதும் கம்பெனியிலிருந்து யாராவது போன் செய்து, நீங்கள் வாங்கியிருக்கும் வேகம் உங்களுக்கு முழுசாக வரவில்லையே, ஆளை அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறார் வரைபடக்காரர். மாடியில் வேகம் தொண்ணூற்று நாலு.