காதுகுத்துக்கு இப்போது வர வேண்டாம்

சூளகிரி,
ஹேவிளம்பி வருடம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு, நாராயணப்பன் கைகூப்பி எழுதுவது. இங்கே யாவரும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் உங்கள் தங்கை மகள் ருக்மணி காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் தேறி வருகிறாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது" என்றாள். கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பொழுது சாய்வதற்குள் உடம்பு அடுப்பாய்ச் சுட்டது, கையைத் தொட்டால் அழுகை, காலைத் தொட்டால் அழுகை. பக்கத்து வீட்டு நஞ்சம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வராவிட்டால்தான் கண்ணேறாம், தெருவே இருமியது. காப்பிக்கடை வெங்கடப்பன் மலேரியா என்றான். உங்கள் தங்கை சரோஜம்மாளோ நான் கெலமங்கலம் சந்தைக்கு வெயிலில் கூட்டிப்போனதுதான் காரணம் என்றாள். பிறகு காய்ச்சல் தானாக விட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்ட அன்று மத்தியானமே ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று கிருஷ்ணகிரி பஸ்ஸை மறித்தேன். கண்டக்டர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே இறங்கினார். குழந்தையைப் பார்த்ததும் முன்சீட்டைக் காலி செய்துகொடுத்தார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இது டெங்கு. பகல்ல கடிக்கிற கொசுவால வர்றது. வீட்ல எங்கியாச்சும் தண்ணி தேங்கி நிக்குதா?" என்றார். இல்லை என்றேன்.

"ஏங்க பொய் சொல்றீங்க? எங்கண்ணன் வந்தா குளிக்கணும்னு தொட்டிய நெறைச்சி வெச்சிருக்கீங்களே, ஒரு மாசமா?" என்றாள் உங்கள் தங்கை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, ரசஞ்சோறு கேட்டாள். "எனக்குக் காது குத்தாதீங்க. ஊசி குத்துனதே போதும்" என்றும் சொன்னாள்.

தொட்டியை வடித்துவிட்டேன், அடியில் புழு நெளிந்தது. ஊரில் கொசு இன்னும் போகவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போது வர வேண்டாம், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நாராயணப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதே பஸ் நின்ற சத்தம். நீங்கள், அக்கா, பிள்ளைகள், சீர்த்தட்டு, காது குத்தும் ஆசாரி எல்லோரும் இறங்கி வருகிறீர்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் இதைக் கையிலேயே கொடுக்கிறேன். கோபப்படுவதானால் சாப்பிட்ட பிறகு படுங்கள். ஆசாரியைக் கண்டதும் ருக்மணி ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஓடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று உங்கள் தங்கை சிரிக்கிறாள். இந்த மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு. குளிக்கக் கிணற்றில் தண்ணீர் நானே சேந்தித் தருகிறேன், ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்.