நவம்பரின் முதல் வாய்

கிண்ணம் ஏற்கெனவே டெல்ஃபினாவின் கைக்கு வந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

அவள் சூடாக ஒரு காபி குடிக்கத்தான் ஃபுல்வியோவின் பாருக்குள் நுழைந்தாள். நனைந்த மேல்சட்டை, தோளில் இரண்டு பனிக்கோடாரிகள், முழங்காலில் கிழிசல். உட்கார்ந்திருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏறிட்டாய்யா!" என்று ஃபுல்வியோ கத்தினான். "வெள்ளாட்டு அருவி உறைஞ்சிருச்சு! டெல்ஃபினா ஏறிட்டா!"

"இல்ல, நான் வந்து..."

அதற்குள் சுற்றிலும் குடிக்க ஆறு மூக்கு வைத்த மரக்கிண்ணம் ஆவி பறக்க வந்துவிட்டது. உள்ளே காபி, சாராயம், ஆரஞ்சுத் தோல். பருவத்தில் முதலாவதாக அருவியில் ஏறியவருக்குத்தான் அதில் முதல் வாய். பிறகு அது கைமாறிச் சுற்றும். காலியாகும் வரை யாரும் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க அருவியில் பனி நிலைக்காது என்பார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் டெல்ஃபினா பல வருடங்களாக அந்த வட்டத்தின் கடைசி ஆள். அவளிடம் வந்து சேரும்போது கிண்ணத்தில் ஆறிப்போன சர்க்கரை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதையும் அவள் நன்றாக இருப்பதாகச் சொல்லித்தான் குடிப்பாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். குடிக்கவும் ஒரு நொடி போதும்.

குடித்தாள். இவ்வளவு காலம் மற்றவர்கள் குடித்துவந்தது இதுதானா என்று வியப்பாக இருந்தது. தொண்டையைத் தாண்டுவதற்குள் வெட்கம் தொடங்கிவிட்டது.

காலையில் உண்மையில் நடந்தது இதுதான். அருவியில் பனி கண்ணாடித் தாள் போல ஒட்டியிருந்தது. பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டு ஆள் உயரம் ஏறியதும் கோடாரி குத்திய இடம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்தது. அடுத்த நொடி அவள் கீழே குட்டையில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க யாரும் இல்லை என்று அப்போது நிம்மதியாக இருந்தது.

"சபாஷ் பொண்ணே!" மலை வழிகாட்டி கொராடோ எழுந்துவந்து அவள் முதுகில் தட்டினார். போன வருடத்து முதல் வாய் அவருடையது. "நடுவுல அந்தப் பனித்தூண் கிட்ட எப்படி இருந்துச்சு? போன வருஷம் எனக்கு அங்கதான் உயிர் போய்த் திரும்பி வந்துச்சு."

"தூண்... நல்லா இருந்துச்சு."

"அப்படின்னா நாளைக்கே என் ஆளுங்களக் கூட்டிட்டுப் போறேன். நாலு டச்சுக்காரங்க. பனி எங்க பனி எங்கன்னு என் உயிரை வாங்குறாங்க."

டெல்ஃபினா கிண்ணத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளினாள். முகம் தெரியாத நாலு பேர் அந்தக் கண்ணாடித் தாளில் தொங்குவதை அவளால் பார்க்க முடிந்தது.

"வேண்டாங்க. பனி ரொம்ப மெல்லிசு."

"மெல்லிசா? அதுலயா தனியா ஏறின?" கொராடோ விசிலடித்தார். "பாத்தியா ஃபுல்வியோ, இருமல் மருந்து விக்கிற பொண்ணு!"

"உள்ள தண்ணி ஓடுது. எனக்கே சத்தம் கேட்டுச்சு."

"கேட்டும் நிக்கலையே நீ!"

கைதட்டல் எழுந்தது. உண்மையை இப்படித் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துண்டும் தன் சட்டையில் ஒரு பதக்கமாக ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் வந்தா மோசமாயிடும்."

"அதுக்கென்ன, வெயிலுக்கு முன்னாடியே போய்ட்டு வந்துடறோம்."

வேறு வழி தெரியவில்லை. "தூண் விழுந்துருச்சு," என்றாள். "நான் இறங்கினதுக்கு அப்புறம். மொத்தமா."

இனி யாரும் போக மாட்டார்கள் என்று அவள் மூச்சு விட்டாள்.

மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த கொராடோவின் மனைவி லிடியாவின் ஊசிகள் நின்றன. "காலையில டூரின்லேர்ந்து ஒரு ஜோடி வந்து அருவிக்கு வழி கேட்டாங்களே. நான்தான சொல்லி அனுப்பினேன்."

கொராடோதான் ஊர் மீட்புக் குழுவுக்கும் தலைவர். அவர் முகம் மாறியது. "யாராவது கீழ நின்னாங்களா, டெல்ஃபினா?"

"இல்ல, இல்ல. யாருமே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்கல... ஆனா இருக்க மாட்டாங்க."

"பாக்கலேன்னா பனிக்கு அடியில இருக்கலாம்," என்றார் கொராடோ. "வண்டியை எடு லிடியா. மோப்ப நாயை ஏத்துங்க!"

வண்டியில் ஃபுல்வியோ தன் இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்து, போர்வையும் சுற்றிவிட்டான். மண்வெட்டிகளோடு ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ரொட்டிக்கடைக்காரர் முழங்கை வரை மாவோடு வந்திருந்தார். நாய் மட்டும் அவளை ஒன்றும் கேட்காமல் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"கொராடோ, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் பேசாத. அதிர்ச்சியில இருக்க. எனக்கும் போன வருஷம் இறங்கி வந்ததும் பேச்சே வரல. அந்தத் தூணைத் தாண்டினவங்களுக்குத்தான் அது புரியும்."

அந்த அன்பான 'நாம் இருவரும்' என்ற தொனி அவளைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஓட்டிக்கொண்டிருந்த லிடியா கண்ணாடி வழியாக ஒருமுறை கணவரைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினாள்.

பள்ளத்தாக்கின் முனையில் வண்டி நின்றது. நாய் பாய்ந்தது. எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். நாய் குரைக்கும் சத்தம் கேட்டதும் டெல்ஃபினா எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினாள். ஒரு பொய்யைச் சொல்லி ஆட்களைக் கொல்ல முடியாது என்று தெரிந்தும் தன் பொய் பலித்துவிட்டதோ என்று பயந்தாள்.

டூரின் ஜோடி ஒரு பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாய் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது. ரொட்டிக்குள் இருந்த பன்றிக்கறியையும் கண்டுபிடித்துவிட்டது.

"ஏங்க, இது உங்க நாயா?" என்று அந்த இளைஞன் வெறும் ரொட்டியைத் தூக்கிக் காட்டினான்.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலமாக, ஒல்லியாக, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு தூண் முழுசாக நின்றது.

"நிக்குதே," என்றான் ஃபுல்வியோ.

போர்வையைக் கழற்றி மடித்து அவனிடம் கொடுத்தாள் டெல்ஃபினா. அதைப் போர்த்திக்கொண்டு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அது விழவே இல்ல. நானும் ஏறல. ரெண்டு ஆள் உயரம் போனேன், தண்ணியில விழுந்தேன், வந்துட்டேன். கிண்ணத்தை நீட்டினப்போ இல்லேன்னு சொல்லத் தோணல. சொல்லணும்னுகூட ஆசை வரல. அதான் உண்மை. என்னை மன்னிச்சிருங்க."

அருவிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஃபுல்வியோ தன் காலணியைப் பார்த்தான். ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த மாவைச் சுரண்டினார். கொராடோ தொண்டையைச் செருமினார். அவர்கள் கோபத்தை அடக்கிக்கொள்வதாக நினைத்து அவள் இன்னும் குறுகிப்போனாள்.

லிடியா மட்டும் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு நிதானமாக நடந்துவந்து, அருவியை அடியிலிருந்து கண்ணால் அளந்தாள்.

"ரெண்டு ஆள் உயரமா! போன வருஷம் இவரு காரை விட்டே இறங்கலையே!"