சரி என்று சொன்ன சூறாவளி

இந்த மாதம் முடிவதற்குள் உலகத்தைச் சிரிக்கவைத்தே தீருவது என்று சூறாவளி முடிவெடுத்தார்.

சூறாவளி என்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுவரிலுள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று பணிவாகக் கேட்டுப் பவர் குறித்துக் கொடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு அந்தப் பணிவையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். வீட்டில் கதவு உள்ள ஒரே தனி அறைக்குள் நுழைவார். காதில் ஹெட்செட். கையில் மவுஸ். கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதோடு நில்லாமல், ஆடுவதை அப்படியே நேரலையில் உலகத்துக்குக் காட்டுவார். உலகம் என்றால் பதினொரு பேர். அதில் மூன்று பேர் போனை அணைக்காமல் தூங்கிப்போனவர்கள் என்பது மனைவியின் அனுமானம்.

கடையில் லென்ஸ் தேய்ப்பவர்தான் யோசனை கொடுத்தார். "நீங்க ஜெயிக்கிறத எவனும் பாக்கமாட்டான். தோக்கிறத மட்டும் பொறுக்கி எடுத்து, வெட்டி ஒட்டி ஒரு காமெடி வீடியோவாப் போடுங்க. அள்ளிக்கும்."

தோல்விக்கா பஞ்சம்? மூன்று மாத நேரலை முழுவதும் கம்ப்யூட்டரில் கிடந்தது. நாற்பத்திரண்டு மணி நேரம். எந்தத் தேதியில், எத்தனையாவது நிமிடத்தில் சிரிப்பு வருகிறது என்று பார்த்துப் பிரித்துவைத்தால்தான் வெட்டவே உட்கார முடியும். சூறாவளி முதல் பதிவைத் திறந்தார். இருபது நிமிடம் தன்னையே பார்த்தார். இருபத்தோராவது நிமிடம் குறட்டை விட்டார்.

தூங்கி எழுந்ததும் மூளை பளிச்சென்று எரிந்தது. மனைவிக்கு மருத்துவமனையில் பதிவேட்டு அறையில் உத்தியோகம். பத்து வருடத்துக்கு முன்னால் சுளுக்குக்கு வந்துபோனவரின் கோப்பைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு உருவித் தருகிறவள்.

அடுப்படி வாசலில் போய்க் குழைந்தார். "நீ பிரிச்சு அடுக்கினா அதோட அழகே தனி."

"எதை?"

"என் வீடியோவை. சிரிப்பு வர்ற இடத்தை மட்டும் தனியா எடுத்து வச்சிடு. நாப்பத்திரண்டு மணி நேரந்தான்."

"நீங்க வெட்டியாத்தானே இருக்கீங்க? நீங்களே வெட்டுங்களேன்."

"வெட்டுறது என் வேலைதான். பிரிக்கிறதுக்குப் பொறுமை வேணும், ஞானம் வேணும். அதெல்லாம் எனக்கு ஏது?"

"அது தெரிஞ்ச விஷயந்தான். முழுசாப் பாக்கணுமா?"

"ஒரு நொடி விடாம."

"அப்புறம் ஏன் பாத்தேன்னு கேக்கக் கூடாது."

"கேப்பேனா?"

மீனே வந்து வலை பின்னித்தர ஒப்புக்கொண்டதாகச் சூறாவளிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

இரண்டு வாரம் போயிற்று. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் எதிரே வீடியோ ஓடியது. பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் அவள் குறித்துக்கொண்டே இருந்தாள். கேமில் கணவன் நூறு அடிப் பள்ளத்தில் விழுந்தபோதும் அவள் முகம் பதிவேட்டு அறையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். "பிரிச்சாச்சு. ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு 'சிரிப்பு'. நாலு நிமிஷம்."

"நாப்பத்திரண்டு மணி நேரத்துல நாலே நிமிஷமா?"

"அதுலயும் ஒரு நிமிஷம் உங்க மனசு நோகக் கூடாதேன்னு சேத்தது."

"இன்னொண்ணு?"

"அதோட பேரு 'சரி'. முப்பத்தெட்டு துண்டு. குரலை மட்டும் எடுத்து வச்சிருக்கேன்."

போனில் ஒன்றைத் தட்டினாள். சூறாவளியின் குரல் வந்தது: "சரி சரி, செஞ்சுடலாம்." அடுத்தது: "சரிம்மா, அதுக்கென்ன." அதற்கடுத்தது: "சரிங்கிறேன்ல!"

"நீங்க ஆடுறப்போ நான் கதவைத் திறந்து ஒவ்வொண்ணாக் கேட்டேனே, அதுக்கெல்லாம் நீங்க சொன்ன பதில்," என்றாள். நோட்டைப் பிரித்தாள். "ஒண்ணு. இனிமே சனிக்கிழமை சமையல் உங்களோடது. ரெண்டு. மாடியில தண்ணித் தொட்டி கழுவுறது, மாசாமாசம். மூணு..."

"இரு, இரு! நீ கேட்டது எங்க இருக்கு? என் குரல் மட்டுந்தானே கேக்குது!"

"ஹெட்செட் மைக்குங்க. வாய்கிட்ட பேசுறது மட்டுந்தான் விழும். எட்டி நிக்கிறவ பேச்சு எப்படி விழும்?"

"அப்ப நீ எதை வேணும்னாலும் கேட்டேன்னு எழுதிக்கலாமே!"

"அப்படியா? நான் என்ன கேட்டேன்னு நீங்களே சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

சூறாவளி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கதவிடுக்கில் அடிக்கடி ஒரு முகம் தெரிந்தது ஞாபகம் இருந்தது. அதில் ஒரு வாய் அசைந்ததும் ஞாபகம் இருந்தது. அந்த வாய் என்ன சொன்னது என்பதைத்தான் பிரம்மதேவரே வந்தாலும் சொல்ல முடியாது. காதில் வாங்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டால் அது தனி வழக்கு. அதற்கு ஜாமீனும் கிடைக்காது.

ஆகவே தலையாட்டினார். பத்து, பதினைந்து, இருபது என்று நோட்டு போய்க்கொண்டே இருந்தது. சரி சரி என்று சொல்லிச் சொல்லி நாற்காலியில் பாதி சரிந்துவிட்டார்.

"இருபத்தேழு. பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கணும், கதவு இருக்கிற அறை வேணும், இதை எனக்கு விட்டுடுங்கன்னு கேட்டேன்." போனைத் தட்டினாள்.

"சரிடா தங்கம். உன் இஷ்டம்."

சூறாவளி துள்ளி எழுந்தார். சமைக்கலாம், தொட்டி கழுவலாம். அறை போனால் உயிரே போன மாதிரி. "தேதி! தேதி சொல்லு!"

"போன மாசம் பதினேழு."

காலண்டரிடம் பாய்ந்தார். அவர் முகத்தில் விளக்கெரிந்தது. "மாட்டிக்கிட்டே! பதினாறுலருந்து மூணு நாள் நீ ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தே! பதினேழாந்தேதி நீ வீட்லயே இல்ல!"

அவள் நோட்டை மெல்ல மூடினாள். "ஆமாம்ல. நான் வீட்ல இல்ல."

"இல்ல!"

"நிச்சயமா இல்லியே?"

"இல்லவே இல்ல!"

"அப்ப யாரைத் தங்கம்னு கொஞ்சினீங்க?"

எரிந்த விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

யார்? சூறாவளி மனசுக்குள் பதினேழாம் தேதியைப் புரட்டினார். கிடைத்துவிட்டது. குதிரை. அந்த வாரந்தான் ஆரம்பித்த கேமில் ஒரு பழுப்புக் குதிரை. ஆற்றைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. அரைமணி நேரம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியில் அதன் வழிக்கே விட்டார்.

உண்மையைச் சொன்னால் அறை தப்பிக்கும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் மனைவியை ஒரு தடவைகூடத் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. தகரம் என்றுகூடக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பதோடு சரி. குதிரைக்குக் கொடுத்ததை எனக்குக் கொடுக்கவில்லையே என்று அவள் கேட்டால், மிச்ச ஆயுளைக் கொள்ளும் புல்லும் தின்றுதான் கழிக்கவேண்டும். சொல்லாவிட்டாலோ, ஊரில் இல்லாத ஒருத்தி வீட்டுக்குள் வந்துவிடுவாள்.

"சொல்லுங்க. யாரு?"

"நீதான்."

"நான்தான் வீட்லயே இல்லியே."

"இருந்தே! நல்லா யோசிச்சுப் பாரு. பயிற்சி அதுக்கு அடுத்த வாரம். காலண்டர்ல நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"ஊருக்கே கண் பாக்கிறவர், தப்பாப் பாப்பீங்களா?"

"பாத்துட்டேன்மா! இதோ இந்தக் கதவுகிட்ட நின்னே. அறை வேணும்னு கேட்டே. நான் எவ்வளவு ஆசையாச் சரின்னேன்! ஞாபகம் இல்லியா?"

"நீங்க இவ்வளவு சொல்றதால ஒத்துக்கிறேன்," என்று நோட்டைத் திறந்து இருபத்தேழுக்கு எதிரே ஒரு டிக் போட்டாள்.

மத்தியானத்துக்குள் மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், வயர் மூட்டை எல்லாம் ஹாலுக்கு வந்து சேர்ந்தன. தூக்கி வந்தவர் சாட்சாத் சூறாவளிதான். மனைவி புத்தகங்களோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரப்போகும் நேரம், கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"ஏங்க, அந்தக் குதிரையை ஓரமாக் கட்டிக்குங்க. நடக்கிற வழியில வேணாம்."