வாய் திறக்காமல் அரைத்த இலை

தாணுக்குட்டா,

ஆட்கள் முன்னால் அத்தான், கதவைச் சாத்தினால் தாணுக்குட்டா என்று முப்பத்தாறு வருடம் உங்களைக் கூப்பிட்டேன். கடிதம் என்பதும் சாத்திய கதவுதானே, அதனால் இப்படியே எழுதுகிறேன். பாறசாலையிலிருந்து உங்கள் ஸ்ரீகுமாரி எழுதுவது. இங்கே நான் சுகம், பசு சுகம், கிணற்றில் தண்ணீர் உண்டு. அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பது மரியாதை, கேட்டாயிற்று. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கால்முட்டு ஆக்கும்.

சந்தையில் வாழைக்குலை சுமந்து சுமந்து உங்கள் இரண்டு முட்டும் தேங்காய் மாதிரி வீங்கியபோது டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னார். நீங்கள், “எனக்கு எனக்க பிள்ளைக்க எலை போதும் சாரே” என்று என்னைக் கைகாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள். பதினோரு வருடம் தினமும் சாயங்காலம் நான் இலை கட்டினேன். உங்கள் பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து, பப்படத்தை நொறுக்கிக்கொண்டே உங்கள் தம்பி சுயம்பு சொன்னான்: “மைனி பச்சிலையக் கெட்டிக் கெட்டி அண்ணன வதைச்சா. ஆப்பரேசன் செய்திருந்தா சொகமா நடந்திருப்பான்.” உங்களைக் கொண்டுபோனது நெஞ்சு, முட்டு அல்ல. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள்ளேயே கிடந்தது. என் கை உங்களுக்குச் சுகம் தந்ததா இல்லையா, அது ஒன்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போதுதான் ஆர்யா வந்தாள். அதியன்னூர்ப் பெண், மருந்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். வீக்கத்துக்கு யார் என்ன இலை கட்டுகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்டு வந்தவளைச் சந்தைக்காரர்கள் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். வந்த நேரம் நான் கிணற்றடியில் இலை பறித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இல்லாமல் இலை யாருக்கு என்று கேட்காதீர்கள், சாயங்காலம் ஆனால் கை தானாகப் போகிறது. பறிக்கத் தொடங்கினால் கட்டி முடிக்கும்வரை பேசக்கூடாது, கட்டிக்கொள்கிறவரும் பேசக்கூடாது, செடியின் பேரைச் சொன்னால் மருந்து ஓடிப்போகும் என்று ஒற்றசேகரமங்கலத்து அத்தை எனக்குச் சொல்லித் தந்த சட்டம் உங்களுக்கு ஓர்மை உண்டல்லவா. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் “மாமி, இது என்ன செடி” என்று தமிழில் கேட்டாள், மலையாளத்தில் கேட்டாள், காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள், பிறகு கையால் ஜாடை காட்டினாள். நானும் ஜாடை காட்டினேன். அரைத்து, கட்ட ஆள் இல்லாததால் துவைக்கிற கல்லின்மேல் அப்பி, துணியும் சுற்றிவிட்டு, “இனி கேளு மக்கா” என்றேன். அந்தப் பெண் துள்ளியதில் நோட்டு கிணற்றில் விழுந்தது. அதை எடுக்க வாளி இறக்கியதில்தான் நாங்கள் கூட்டானோம், சுயம்பு சொன்ன வார்த்தையையும் அவளிடம் சொன்னேன்.

“சோதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோவும் மாமி,” என்றாள். “எலிக்க கால வீங்க வச்சு, ஒரு கூட்டத்துக்கு இலை, ஒரு கூட்டத்துக்கு மாத்திரை, ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணி.” சுயம்பு சொன்னது சரியா நீங்கள் சொன்னது சரியா, எலியே சொல்லட்டும் என்று சம்மதித்தேன்.

அரைத்த இலையை உங்கள் தோர்த்துத் துண்டில் பொதிந்துகொண்டு, சட்டப்படி வாயை அடைத்துக்கொண்டு, ஆர்யாவின் கல்லூரி இருக்கிற நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் “அம்மே, எவிடேக்கா?” என்றார். நேரே கை காட்டினேன். நேரே போனால் திருவனந்தபுரம்வரை உண்டு என்றார். மறுபடியும் நேரே காட்டினேன். மீன் சருவப் பாத்திரத்தோடு நின்ற கடற்கரைக்காரி ஒருத்தி, “பாவம், ஊமையாக்கும்” என்று எனக்கு இடம் பிடித்துத் தந்து, கன்னத்தைத் தடவி, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். நான் தலையாட்டினேன், நேர்ச்சை இப்போது பாக்கி நிற்கிறது. கண்டக்டர் அவர் இஷ்டத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்துத் தர, நான் இறங்க வேண்டிய இடம் சன்னலில் வந்து, சன்னலிலேயே போனது. வருத்தமே தோன்றவில்லை. பக்கத்து சீட்டில் நீங்கள் நீலச் சட்டையோடு உட்கார்ந்து, தோளைக் குலுக்கிச் சத்தம் வராமல் சிரித்த மாதிரி இருந்தது. பேசாமல் இருந்தால் இல்லாதவர்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பாலராமபுரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கேயிருந்து திரும்பி வேறே பஸ்ஸில் வந்தேன், நீங்கள் அதில் ஏறவில்லை.

எலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் பேர் ராபின்சன். “எலே, மாமி வந்திருக்கு, மரியாதையா நில்லுங்கலே” என்று எலிகளிடம் சொன்னார். வெள்ளை எலிகள், சந்தை எலியின் முரட்டுத்தனம் இல்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் உங்களைப் போலவே ஒரு காலை ஊன்றாமல் நின்றது. இலைக் கூட்டத்துக்கு நானே தடவினேன். ஆனால் தண்ணீர்க் கூட்டத்தில் ஒரு எலி என்னைத் திரும்பிப் பார்த்தது. ராபின்சன் சாயா குடிக்கப் போனார், ஆர்யாவுக்கு போன் வந்தது. மருந்து கையில் இருக்கும்போது ஒரு உயிருக்குத் தண்ணீரைத் தடவி அனுப்ப யாருக்கு மனசு வரும்? தண்ணீர் எலி அத்தனைக்கும் இலையைத் தடவிவிட்டுத் தோர்த்தால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அளந்து பார்த்த ஆர்யா தலையில் கைவைத்து, “வெறும் தண்ணிக்கு இவ்வளவு வடியுமா?” என்றாள். ராபின்சன் ஒரு எலியைத் தூக்கி மோந்து பார்த்து, “இந்தத் தண்ணிக்கு மாமிக்க கைமணம் உண்டு” என்றார். அந்தப் பெண் அழவில்லை, அதுதான் எனக்குச் சங்கடம். புது எலிகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். ராபின்சன் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: “மாமி, வெளிய நல்ல பெஞ்சு ஒண்ணு கெடக்கு.”

அந்தப் பெஞ்சில் உச்சை வெயில் நேரத்தில் கண் அசந்தேன். நம் வீட்டுச் சாயங்காலம் வந்தது. நீங்கள் கட்டிலில் கால் நீட்டி இருக்கிறீர்கள். சந்தையில் பத்து ஆளின் சத்தம் போடுகிறவர், இலை கட்டுகிற அந்த அரைமணி நேரம் மட்டும் பெருவிரலால்தான் பேசுவீர்கள். ஒரு ஆட்டு ஆட்டினால் கட்டு இறுக்கம், இரண்டு ஆட்டினால் போதும். இலை வாசனை சுவரெல்லாம் ஏறுகிறது. வெளிச்சம் உங்கள் முழங்காலிலிருந்து மெல்ல இறங்கி, தரையில் நடந்து, வாசல் வழியாக வெளியே போகிறது. கட்டிலுக்கு அடியில் எலிகள் வரிசையாகக் கால் நீட்டி முறைக்குக் காத்திருக்கின்றன. முடிச்சுப் போட்டதும் எப்போதும் சொல்கிறதைச் சொன்னீர்கள்: “வலி போச்சு பிள்ளே. பஞ்சாக்கும்.” விழித்தபோது என் கை பெஞ்சின் காலைத் தடவிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆர்யா போன் செய்தாள். “மாமி, இலை வச்சதுக்கெல்லாம் வீக்கம் நல்லா வடிஞ்சாச்சு. மாத்திரைக்கு ஒப்பம் நிக்குது.” நான் அடைப் பாயசம் வைத்து, முதல் கிண்ணத்தை சுயம்புவிடம் கொண்டுபோய், “குடிச்சிட்டு எலிக்கிட்ட மாப்பு கேளு” என்றேன். அவன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, “எலி ஜெயிச்சாச்சு மைனி, நான் தோத்தாச்சு” என்றான். செடியின் இங்கிலீஷ் பேரை ஆர்யா ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறாள். படிக்கவில்லை, மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் சொருகியிருக்கிறேன். நீங்களும் படிக்க வேண்டாம், மருந்து ஓடிப்போகும்.

இனி எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. நீங்கள் இருக்கிற ஊரில் படிகள் அதிகம் என்று கேள்வி, மெதுவாக ஏறுங்கள். ராபின்சனும் எலிகளும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். தெய்வம் உங்கள் முட்டுக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்த கையால் எழுதும்
குமாரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப்போகும்போது ஆர்யா நேரில் வந்தாள். சாயாவை ஆறவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “மாமி, வீக்கம் வேற, வலி வேற. வலிக்குத் தனி சோதனை உண்டு. சூடான தட்டுல விட்டா எலி எப்பக் காலத் தூக்குதுன்னு பாக்கணும். இலை வச்சதும் தண்ணி வச்சதும் ஒரே நேரத்துலதான் தூக்குது.”

“வீக்கம் வடிஞ்ச பொறவும் வலிக்குமா மக்கா?” என்று கேட்டேன்.

“வலிக்கலாம் மாமி. மனுசன்னா வாயால சொல்லணும், அப்பத்தான் தெரியும்.”

அந்த அரைமணி நேரமும் வாயால் சொல்லக்கூடாது என்று சட்டம் வைத்தவள் நான். வீக்கம் வடிந்ததை என் கண்ணால் கண்டேன். பிறகு நீங்கள் எழுந்து பின்வாசலுக்குப் போகும்போது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பீர்கள். காற்று வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு நான் இலை பறிக்கவில்லை, அரைக்கவில்லை, சட்டம் ஒன்றும் இல்லை, வாயைத் திறக்கலாம். தாணுக்குட்டா, வலித்ததா?